களிமண்ணுக்குப் போட்ட சட்டை

பக்கத்து வீட்டுத் தாவின் மஞ்சள் நாய் லாங் கிழவனைப் பார்த்துக் குரைப்பதை நிறுத்தி வெகு நாள் ஆகியிருந்தது.

அது யாரையும் சும்மா விடும் நாய் அல்ல. வலை இரவல் கேட்டு வரும் பங்காளியைப் பார்த்துக் குரைக்கும். அரசாங்கப் படைக்காரன் வந்தாலும் குரைக்கும், அமெரிக்கக்காரன் வந்தாலும் குரைக்கும். ஒரு தடவை அமெரிக்கக்காரனுக்குத் துணையாக வந்த கொரியாக்காரன் ஒருவன் துப்பாக்கிக் கட்டையால் அதன் இடுப்பில் ஒன்று வைத்தான். நொண்டிக்கொண்டே அவன் பின்னால் முகத்துவாரம் வரை குரைத்துக்கொண்டு போனது. லாங் போனால் மட்டும் தலையைத் தூக்கும். பார்வை அவன்மேல் நிற்காது. அவனைத் தாண்டிப் பின்னால் இருக்கும் கள்ளிவேலிக்குப் போகும். பிறகு மூக்கைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு தூங்கிவிடும்.

எந்த நாளிலிருந்து என்று லாங்குக்குத் தெரியும். மகன் ஹுவானுக்குக் காற்றுச் சமாதி கட்டிய நாளிலிருந்து.

கடலுக்குப் போய் உடம்பு கிடைக்காதவனை அந்தக் கரையில் அப்படியே விட்டுவிடுவதில்லை. பூசாரி மலையடிவாரத்துக் களிமண்ணைக் கொண்டுவந்து ஆள் உயரத்துக்கு ஓர் உடம்பு செய்வான். முசுக்கட்டைக் குச்சிகள்தான் எலும்பு. செத்தவனின் வியர்வை பட்ட சட்டையை அதற்குப் போட்டு, தண்ணீர் ஓரத்தில் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டு, உயிரை மண்ணுக்குள் இறக்கிப் புதைப்பார்கள். செய்யாவிட்டால் செத்தவன் அலைந்துகொண்டே இருப்பான், ஊரில் ஒருத்தன் வலையிலும் மீன் ஏறாது. இதில் கட்சி கிடையாது. அரசாங்கத்துக்கு வேலை பார்க்கிற தலையாரியும் இதைத்தான் சொல்வான், காட்டுக்காரர்களுக்குச் சோறு கட்டிக் கொடுக்கிறவளும் இதைத்தான் சொல்வாள்.

ஹுவான் கடலில் சாகவில்லை. அதுதான் விஷயம்.

அவனுக்கு மீசை அரும்பியதுமே இரண்டு பக்கத்துக்காரர்களும் வாசலுக்கு வந்தார்கள். பகலில் வந்தவன் சைகோன் அரசாங்கத்தின் ஆள். இருட்டியதும் வந்தவர்கள் வடக்கோடு சேர்ந்த காட்டுக்காரர்கள். இருவரும் கேட்டது பையனைத்தான். பகலில் வந்தவன் தோளில் தொங்கியது அமெரிக்காவில் செய்தது. இருட்டில் வந்தவன் தோளில் தொங்கியது ரஷ்யாக்காரன் யோசித்துச் சீனாக்காரன் அடித்தது. துப்பாக்கி எல்லாம் கப்பலில் வருகிறது, சாகிற ஆள் மட்டும் என் வீட்டிலிருந்து வரவேண்டுமா என்று லாங் மனசுக்குள் கேட்டுக்கொண்டான். வாய்விட்டுச் சொன்னது, பையனுக்கு நெஞ்சு சரியில்லை என்பது மட்டும்.

உப்பு ஏற்றித் தெற்கே போன படகில் மூட்டைகளுக்கு அடியில் ஹுவானைப் படுக்கவைத்து அனுப்பினான். சைகோனில் லாங்கின் பெண்டாட்டி லியூவுக்கு ஒரு தம்பி, சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுகிறவன். அங்கே போய்ச் சேர வேண்டும், பேரை மாற்றிக்கொள்ள வேண்டும், ஊருக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பக் கூடாது என்று பேச்சு. மறுநாள் விடியலில் லாங் பரிசலை அலை அடிக்கிற பக்கமாகத் தள்ளிக்கொண்டு போய்க் கவிழ்த்தான். நீந்திக் கரைக்கு வந்து, மகன் போய்விட்டான் என்று மணலில் விழுந்தான். லியூ மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். அதை நடிப்பு என்று ஒருத்தரும் சொல்ல முடியாது. நடிப்பும் இல்லை.

எல்லாம் சரியாகத்தான் போனது. சமாதியை மட்டும் அவன் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

பூசாரி குவோய் மூன்றாம் நாள் வந்து நின்றான். குட்டையான ஆள், பேசும்போது கண்ணை மூடிக்கொள்வான்.

"உடம்பு ஒதுங்கல. இனிமே ஒதுங்காது. மண்ணுக்குச் சொல்லிட்டேன், வந்துக்கிட்டிருக்கு."

"எனக்கு இதிலெல்லாம் நம்பிக்க இல்ல, குவோய்."

"உனக்கு எதுலதான் இருந்துச்சு? உங்கப்பன் செத்தப்ப, மூச்சு நின்னுச்சான்னு நீ மூக்குல கைய வச்சு வச்சுப் பாத்தவன். ஊருக்கு நம்பிக்க இருக்கு. வேணாம்னா சொல்லு, ஏன் வேணாங்குறான்னு ஊர் யோசிக்கும்."

ஊர் யோசித்துவிடக் கூடாது. லாங் சரி என்றான்.

மண்ணுடம்புக்குச் சட்டை போடுவது தகப்பன் வேலை. சுற்றிலும் வெள்ளைத் துணி கட்டி மறைத்துவிடுவார்கள், வேறு யாரும் பார்க்கக் கூடாது. வீட்டு ஆணியில் இரண்டு சட்டை தொங்கின, இரண்டும் கிழங்குச் சாயத்தில் தோய்த்த பழுப்புச் சட்டை. லாங் தன் சட்டையை எடுத்துக்கொண்டு போய் மண்ணுக்குப் போட்டான். குவோய் தண்ணீர் ஓரத்தில் நிறுத்தி மகன் பேரைச் சொல்லிக் கூப்பிடச் சொன்னபோது, அலை உடையும் நேரம் பார்த்து வாயை மட்டும் அசைத்தான். ஊதுபத்திப் புகை சமாதிக் குழிப் பக்கம் சாய்ந்தது. வந்துட்டான் என்றான் குவோய். எல்லோரும் அழுதார்கள்.

நம்பிக்கை இல்லாதவன்தான். ஆனாலும் உயிரோடு இருக்கிற மகனின் சட்டையை அவன் மண்ணுக்குப் போடவில்லை.

வீட்டுக்கு வந்து மகன் சட்டையை லியூவின் மடியில் போட்டான். "இத உள்ள வை. மண்ணுக்குப் போட்டது என்னோடது."

அவள் சட்டையை முகத்தில் வைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள், "அப்ப வந்துட்டான்னு சொன்னானே. வந்தது யாரு?"

"யாரும் வரல. அது மண்ணு."

"பொக சாஞ்சுச்சே."

"காத்தடிச்சா சாயாதா? போய் உலைய வை."

அதற்குப் பிறகுதான் நாய் குரைப்பதை விட்டது. முதலில் தொல்லை விட்டது என்றுதான் நினைத்தான். அப்புறம் சின்னச் சின்னதாக ஏதேதோ. கரையில் உட்கார்ந்து வலை பிரிக்கும்போது நண்டுகள் அவன் பாதத்தின் மேல் ஏறி இறங்கிப் போயின, கல்லின் மேல் போவது மாதிரி. சோற்றில் எவ்வளவு மீன்சாறு ஊற்றினாலும் நாக்கில் ஈரமண் ருசி தட்டியது. சித்திரை வெயிலில் படகு தள்ளியும் முதுகு நனையவில்லை. ஒரு நாள் பாயில் லியூ சுவர்ப்பக்கம் நகர்ந்து படுத்தாள். என்னடி என்றான். "ஒங்க மேல குழி தோண்டுன வாசம் அடிக்குது" என்றாள். கிழடு தட்டிவிட்டது, அவ்வளவுதான் என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். வேறு எதையும் சொல்லிக்கொள்ள அவனுக்கு விருப்பம் இல்லை.

லியூ ஒவ்வொரு வேளையும் மகனுக்கு ஒரு கிண்ணம் வைத்தாள். செத்தவர்களுக்கான மேடையில் அல்ல, கீழே, சாப்பிடுகிற பாயில், தன் கிண்ணத்துக்குப் பக்கத்தில். யாராவது வரும் சத்தம் கேட்டால் எடுத்து மேடையில் வைப்பாள். அவர்கள் போனதும் மறுபடி கீழே.

இப்படியே போயிருக்கும். அந்த வருஷம் மழைக்காலத்துக்கு முந்தி ஆகாயத்திலிருந்து பேய் பேச ஆரம்பித்தது.

சாயங்காலம், அடுப்புப் புகை கூரைகளுக்கு மேல் நிற்கும் நேரம். அமெரிக்கக்காரனின் ஹெலிகாப்டர் ஒன்று மலைப்பக்கத்திலிருந்து மெதுவாக வந்தது. முன்பெல்லாம் அது காகிதம் போடும். சரணடையச் சொல்லும் காகிதம். ஊர் முழுக்க அதில்தான் புகையிலை சுருட்டியது. இந்தத் தடவை காகிதம் விழவில்லை, வயிற்றில் கட்டிய ஒலிபெருக்கி பேசியது. முதலில் ஒரு மணி, பிறகு சாவு மேளம், நாயனம், ஒரு பெண் அழுகிற சத்தம். எல்லாம் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் ஒன்றன்மேல் ஒன்று மோதிக்கொண்டு வந்தன. குழந்தைகள் வீட்டுக்குள் ஓடின. பிறகு ஓர் ஆண் குரல்.

"அப்பா... நான் செத்துட்டேன் அப்பா... என் உடம்பு எங்க கெடக்குன்னு எனக்கே தெரியல... யாருக்காகச் செத்தேன்னும் தெரியல... தோழர்களே, வீட்டுக்குப் போயிடுங்க... என்ன மாதிரி அலையாதீங்க..."

லாங் கையிலிருந்த துடுப்பைக் கீழே வைத்தான்.

ஹுவான் சின்ன வயசில் தூண்டில் நரம்பைக் கடித்து முன்பல்லைப் பாதியில் உடைத்துக்கொண்டவன். வேகமாகப் பேசினால் அந்தச் சந்தில் காற்று சீறும். வீட்டில் கேலி பண்ணுவார்கள். அந்தச் சீறல் இப்போது ஆகாயம் முழுக்கக் கேட்டது.

லியூ அடுப்படியிலிருந்து வெளியே வந்து, முற்றத்தில் நின்று மேலே பார்த்தாள். கை நீட்டவில்லை, அழவில்லை. "பல்லு" என்றாள். அது மட்டும்தான்.

சவுக்குத் தோப்பிலிருந்து காட்டுக்காரர்கள் சுட்டார்கள். பேய் தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டே கடல்பக்கம் போயிற்று. அதன் பின்னால் விளக்கில்லாமல் வந்த இன்னொரு ஹெலிகாப்டர் தோப்பின் மேல் குண்டு பொழிந்தது. அது குறி தப்பிச் சிதறியதில் தாவ் வீட்டுக் கூரையும் இரண்டு பரிசலும் எரிந்தன. பேச ஒன்று, கொல்ல ஒன்று என்று இரண்டாக வருவது இவர்கள் வழக்கம் போலிருக்கிறது. நம் வாத்தியத்தை எடுத்து, நம் ஒப்பாரியை எடுத்து, நம் பேயையும் எடுத்துத் தங்கள் பெட்ரோலைப் போட்டு ஓட்டினார்கள்.

மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும்.

ஊருக்கு அதில் சந்தேகமே இல்லை. கடலில் போன ஹுவான்தான் பேசுகிறான். அந்தப் பல்லை யாருக்குத் தெரியாது? அவன் ஏன் அமெரிக்கக்காரன் இயந்திரத்தில் ஏறினான் என்பதற்கும் ஊரிடம் பதில் இருந்தது. தங்க இடம் இல்லாதவன் எதில் கிடைத்தாலும் ஏறத்தான் செய்வான்.

"என் கூர போச்சு, லாங் அண்ணே" என்றாள் தாவ். விதவை, வாய் அதிகம். "உம்மவன் நல்ல பையந்தான், நான் இல்லேங்கல. ஆனா தெனம் வந்து அப்பா அப்பான்னா நாங்க எங்க போறது? சமாதில என்னமோ கொறை இருக்கு. தொறந்து பாக்கச் சொல்லு."

"தொறந்தா ஒங்கூர வந்துருமா?"

"இருக்கற கூரையாவது நிக்குமில்ல."

குவோய் அதைவிடக் கோபமாக இருந்தான். அவன் செய்த சமாதி எதிலும் இதுவரை ஒருத்தரும் வெளியே வந்ததில்லை. "நான் செஞ்சதுல தப்பில்ல. யாரோ குறுக்க ஏதோ பண்ணிருக்காங்க" என்றான். கண்ணை மூடிக்கொள்ளாமலே சொன்னான்.

லாங் எல்லோரையும் திட்டி அனுப்பினான். சமாதியைத் திறந்தால் உள்ளே இருப்பது அவன் சட்டை.

அடுத்த நாள் மத்தியானம் சுவோங் வந்தாள். லாங்குக்குத் தம்பி முறையானவனின் மகள். பகலில் சந்தையில் பயற்றங்கூழ் விற்பாள். மற்ற நேரத்தில் அவள் யார் என்று ஊருக்கே தெரியும், யாரும் சொல்வதில்லை. கூழ்ப்பானையை இறக்கி வைத்து, லியூவுக்கு ஒரு கிண்ணம் ஊற்றிக் கொடுத்துவிட்டு, வலைக்குப் பக்கத்தில் குந்தினாள்.

"பெரியப்பா, செத்தவங்க பேச மாட்டாங்க."

"ஒங்க கட்சில அப்பிடியா சொல்லிக் குடுத்தாங்க?"

"ஆமா. பேயே கெடையாதுன்னு சொல்லிக் குடுத்தாங்க. அப்புறமும் நம்ம பசங்க ரெண்டு பேரு துப்பாக்கியப் போட்டுட்டு ஊருக்கு ஓடிட்டானுங்க. யாரோ அம்மா கூப்புடுற மாதிரி இருந்துச்சாம்."

"அப்ப பேய் இருக்குன்னு சொல்லு."

"டேப்பு இருக்கு. சைகோன்ல ஒரு ரூம்ல ஆள ஒக்கார வச்சு, இந்தா இதப் படி, அழுதுக்கிட்டே படின்னு பதிவு பண்றானுங்க. பேசுறவன் சோறு தின்னுட்டு வந்து பேசுறான். உசுரோட." அவள் வலையில் ஓர் அறுந்த கண்ணைத் தேடி எடுத்து முடிச்சுப் போட்டாள். "அது ஹுவான் கொரல்தானே?"

இல்லை என்றால் ஊரே சிரிக்கும். "அவன் கொரல்தான்."

"அப்ப உசுரோட இருக்கான்."

"செத்துட்டான். அதனாலதான் பேசுறான். உசுரோட இருந்தவரைக்கும் எங்கிட்ட இவ்வளவு பேசுனதில்ல."

சுவோங் சிரித்துவிட்டாள். சிரிப்பு சீக்கிரம் நின்றது. "நான் சின்னப் பொண்ணா இருந்தப்ப அவந்தான் என்னப் பரிசல்ல கூட்டிட்டுப் போவான். எனக்கு அவன் செத்தவனாவே இருந்துட்டா நிம்மதி. ஆனா மேல இருக்கறவங்க கேக்குறாங்க. அவன் உசுரோட இருந்தா, எதிரி சோத்தத் தின்னு நம்ம பசங்களக் கலைக்கிறவன். சைகோன்ல நமக்கும் ஆளு இருக்கு, பெரியப்பா. உடைஞ்ச பல்லுக்காரன் ஒருத்தனத் தேடுன்னு சொன்னாப் போதும்."

லாங் வலையை மடியிலிருந்து தள்ளி வைத்தான்.

"ஊரு சமாதியத் தொறக்கணும்னு கேக்குது. தொறங்க. நானும் வந்து நிக்கிறேன். எல்லாம் ஒழுங்கா இருந்து, ஒழுங்கா மூடி, நீங்களும் ஒழுங்கா அழுதீங்கன்னா, கடல்ல செத்தவந்தான், அமெரிக்கக்காரன் யாரையோ வச்சுப் பேச வைக்கிறான்னு நான் எழுதிடுறேன். தேட மாட்டாங்க." எழுந்து பானையைத் தலையில் வைத்துக்கொண்டாள். "வேற மாதிரி இருந்தா, நான் பாத்தத எழுதுவேன். எனக்கும் மேல ஆளு இருக்கு."

அவள் போனதும் லியூ மேல்சட்டையின் பொத்தானைக் கழற்றிக் காட்டினாள். உள்ளே மகன் சட்டையைப் போட்டிருந்தாள். குரல் கேட்ட நாளிலிருந்து போட்டிருக்கிறாள்.

"இதக் குடுக்க மாட்டேன்."

"யாருடி கேட்டா?"

"கேப்பாங்க. இதப் போட்டா அவன் வந்துருவான். அங்கருந்து உருவி இங்க மண்ணுக்குள்ள கொண்டாந்துருவாங்க."

"அது மண்ணும் துணியும். குடுக்கலன்னா அங்க கத்தியோட ஆளு போவான். அது மண்ணுமில்ல துணியுமில்ல."

"மண்ணும் துணியுந்தான்னா நீங்க எதுக்கு மாத்துனீங்க?"

லாங் வலையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான்.

சமாதியை வெயில் சாயும்போது திறந்தார்கள். மணல்மேட்டில் வரிசையாக இருக்கும் காற்றுச் சமாதிகளில் அதுதான் கடைசி. ஊரில் பாதி வந்திருந்தது. தாவ் நாயைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். எரிந்த வீட்டில் தனியாக விட்டுவிட்டு வர முடியாது என்றாள். சுவோங் கூட்டத்துக்குப் பின்னால் கூடையோடு நின்றாள், விற்க வந்தவள் மாதிரி.

பலகையை எடுத்தபோது ஈரமண் வாசம் எழுந்தது. லாங்குக்கு அது புது வாசம் அல்ல. தன் பாயின் வாசம், தன் சோற்றின் வாசம்.

மேலே சுற்றியிருந்த வெள்ளைத் துணி மக்கி நூலாகியிருந்தது. சட்டை மட்டும் சாயம் போகாமல் அப்படியே இருந்தது. தோளில் ஒட்டுப்போட்ட சட்டை. அமெரிக்கக்காரன் இனாமாகக் கொடுத்த மாவுச் சாக்கில் வெட்டின ஒட்டு. இரண்டு கைகள் குலுக்கிக்கொள்ளும் படம் பாதி தெரிந்தது. அந்தப் படத்துக்காக லாங்கை ஊரே கிண்டல் பண்ணியிருக்கிறது. அந்தச் சட்டை பரிசலோடு கடலில் போய்விட்டது என்று அவன் சொல்லியிருந்தான்.

குவோய் குழிக்குள் இறங்கி உட்கார்ந்து மண்ணுடம்பைத் தடவிப் பார்த்தான்.

"சட்டைய விடு" என்றான் மெதுவாக. "இதப் பாரு. நான் செஞ்சப்ப ரெண்டு தோளும் ஒரே மட்டம். இருவது வயசுப் பையன் தோளு. நான் இப்பிடிச் செய்யல."

வலது தோள் இறங்கியிருந்தது. நாற்பது வருஷம் மீன்கூடை தொங்கும் காவடிக் கம்பு சுமந்தவன் தோள் மாதிரி. முகவாய் உள்வாங்கி, வயிறு ஒட்டியிருந்தது. குவோய் குழியிலிருந்து நிமிர்ந்து லாங்கைப் பார்த்தான். மண்ணை ஒரு தடவை, லாங்கை ஒரு தடவை. மற்றவர்களும் அப்படியே பார்த்தார்கள். அவன் வேறு பக்கம் திரும்ப நினைத்தான், கழுத்து கனத்தது.

"ஈரத்துல மண்ணு எறங்கிருக்கு" என்றான்.

"இத்தன நாளா இதுல நீ கெடந்திருக்க" என்றான் குவோய். "அதான் அவன் வெளிய சுத்துறான்."

தாவ் வாயில் துணியை வைத்துக்கொண்டாள். "ஐயோ, எங்க நாய் அண்ணனப் பாத்துக் கொரைக்கறதே இல்லயே. நான் பாசம்னுல்ல நெனச்சேன்."

சுவோங் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். குழியைப் பார்க்கவில்லை. லாங்கைத்தான் பார்த்தாள். "எப்பிடி பெரியப்பா சட்ட மாறுச்சு?"

எல்லாம் அந்த ஒரு கேள்வியில் நின்றது. வேண்டுமென்று மாற்றினான் என்றால், மகன் உயிரோடு இருக்கிறான் என்று சொன்னதாக ஆகிவிடும். லாங் சைகோனைப் பார்த்ததில்லை. பார்க்காத ஊரில் பார்க்காத தெருவில் ரிக்‌ஷாக்களுக்கு நடுவே ஒருவன் நடந்து வந்து, நீதானே உடைந்த பல்லுக்காரன் என்று கேட்பது அவனுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"ஆணில ரெண்டும் தொங்குச்சு" என்றான். "ரெண்டும் ஒரே சாயம். அப்புறம் ஒட்டுச் சட்டையக் காணோம்னதும், கடலோட போச்சுன்னு நெனச்சுட்டேன். அன்னிக்கு எனக்குக் கண்ணு தெரிஞ்சுச்சா என்ன? மகனப் பறிகொடுத்தவன்கிட்ட ஒட்டு எங்க இருக்குன்னா கேப்பீங்க?"

"அப்ப அவன் சட்ட?"

லாங் லியூவைப் பார்த்தான். அவள் இரண்டு கையையும் மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு நின்றாள். குளிருக்கு நிற்பது போல இருந்தது. தலையை மெல்ல ஆட்டினாள், வேண்டாம் என்று. அவன் அவளிடம் போனான். அவள் கையை விலக்கினான். அவள் தடுக்கவில்லை, உதவவும் இல்லை. பெண்கள் சுற்றி நின்று மறைத்துக்கொள்ள, மேல்சட்டைக்குள்ளிருந்து மகன் சட்டையை அவனே உருவி எடுத்தான். அவள் உடம்புச் சூடு அதில் இருந்தது.

"மகன் நெனப்புல உடுத்திக்கிட்டா பாவம்" என்றாள் தாவ் யாருக்கோ.

இந்தத் தடவை வெள்ளைத் துணி கட்டவில்லை. எல்லோரும் பார்க்க லாங் குழிக்குள் இறங்கி மண்ணுடம்பிலிருந்து தன் ஒட்டுச் சட்டையைக் கழற்றி, சூடு ஆறாத சட்டையை மண்ணுக்குப் போட்டான். குவோய் தோளை நிமிர்த்தி மட்டம் செய்தான். பிறகு லாங்கைத் தண்ணீர் ஓரத்துக்குக் கூட்டிப் போனான்.

"சத்தமாக் கூப்புடு. போன தடவ நீ கூப்புட்டது எனக்கே கேக்கல."

கடல் அன்றைக்கு எண்ணெய் ஊற்றினாற்போல் கிடந்தது. ஒளிந்துகொள்ள ஓர் அலை இல்லை. பின்னால் சுவோங் நிற்பது அவனுக்குத் தெரிந்தது.

"ஹுவான்" என்றான். பக்கத்தில் நின்றவனுக்குத்தான் கேட்டது.

"இன்னும்."

"ஹுவான். வாடா."

"எங்க வரணும்னு சொல்லு."

"வீட்டுக்கு வாடா" என்று லாங் கத்தினான். "எங்க இருந்தாலும் எந்திரிச்சு வந்துரு. அப்பா கூப்புடறேன்." அதற்கப்புறம் அவன் நிறுத்தவில்லை, குவோய் தோளைப் பிடித்து நிறுத்தினான். நடிப்பா என்று கேட்டால் அவனுக்கே தெரியாது.

ஊதுபத்திப் புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. பிறகு, காற்றே இல்லாமல், வளைந்து மேட்டுப்பக்கம் திரும்பியது. வந்துட்டான் என்று குவோய் சொல்லவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், சொல்ல வேண்டிய தேவை இல்லை.

மண் தள்ளி மூடும்போதே ஹெலிகாப்டர் சத்தம் கேட்டது. கூட்டம் மேட்டுச் சரிவில் படுத்துக்கொண்டது. சுவோங் சொல்லி வைத்திருக்க வேண்டும், தோப்பிலிருந்து யாரும் சுடவில்லை. மணி அடித்தது. மேளம், நாயனம், பெண்ணின் அழுகை. எல்லாம் முன்போலவே வரிசையாக வந்தன. ஹுவான் பேசுகிற இடம் வந்தது.

ஒன்றும் வரவில்லை. மழை பெய்வது மாதிரி ஓர் இரைச்சல் மட்டும் கொஞ்ச நேரம் ஓடியது. பிறகு வேறு ஒருவன் பேசினான். தெற்கத்தி ஆள், ஆற்றுப்பக்கத்துப் பேச்சு. தான் செத்துவிட்டதாக அவனும் அவன் அம்மாவிடம் சொன்னான். பல் எல்லாம் முழுசாக இருந்த குரல்.

சரிவில் படுத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக மூச்சு விட்டார்கள். யாரோ ஒரு பெண் விசும்பினாள். குவோய் மணலைத் தட்டிக்கொண்டு எழுந்து, தன் வேலையில் தப்பில்லை என்பது போலச் சுற்றிலும் பார்த்தான்.

சுவோங் கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு லாங்குக்குப் பக்கத்தில் ஒரு நிமிஷம் நின்றாள். "இனிமே யாரும் தேட மாட்டாங்க, பெரியப்பா" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள்.

லாங்கும் லியூவும் கடைசியாக இறங்கினார்கள். மணலில் அவன் பாதம் சுட்டது. நாள் முழுக்க வெயில் குடித்த மணல். எத்தனையோ நாளாக அது அவனுக்குச் சுட்டதில்லை. முதுகில் ஏதோ ஊர்ந்தது. தொட்டுப் பார்த்தான், வியர்வை.

"டேப்ப மாத்திட்டானுங்க" என்றான். "ஒன்னயே எத்தன நாளுதான் போடுவான்? தேஞ்சு போயிருக்கும். இப்ப வேற ஆளு படிக்கிறான்."

"ம்" என்றாள் லியூ.

"அவன் பாட்டுக்கு அங்க ரிக்‌ஷா ஓட்டிக்கிட்டிருப்பான்."

அவள் வீட்டுக்குள் போய் விளக்கேற்றினாள். பாயில் அவள் கிண்ணத்துக்குப் பக்கத்தில் இருந்த மகன் கிண்ணத்தைக் கையில் எடுத்து, துடைத்து, சோறு வைத்து, மேடையில் தாத்தா பாட்டிகளுக்கு நடுவில் வைத்தாள். கால் இடறாமல், அவசரமில்லாமல் செய்தாள். வாசலில் யாரும் வரும் சத்தம் இல்லை.

லாங் உள்ளே போகாமல் முற்றத்திலேயே நின்றான். வேலிக்கு அந்தப்பக்கம் தாவ் நாயை எரிந்த தூணில் கட்டிக்கொண்டிருந்தாள். நாய் தலையைத் தூக்கியது. பார்வை வேலிக்குப் போகவில்லை. அவன் முகத்தில் வந்து நின்றது. காதை மடக்கி, பல்லைக் காட்டி, கயிறு அறுந்துவிடும்படி முன்னால் பாய்ந்து குரைத்தது.

"சீ, கம்முனு கெட" என்று தாவ் அதட்டினாள். "நம்ம லாங் அண்ணன்."

அது கேட்கவில்லை. அவனைப் பார்த்துக் குரைத்துக்கொண்டே இருந்தது.